எடுக்காமல் விட்ட குழாய்

அத்தியாயம் 17

லாரிகளை எடை போடும் எடைமேடை வேலை முடிந்து வந்த வரதன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டதோடு போன வாரம் விட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அவர் மேல் மூன்று போர்வைகள் இருந்தன. கட்டில் கால் தரையில் தட்டுகிற அளவுக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் மகள் ஏஞ்சலின் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஐந்து நாற்பதுக்குப் புதுவாயல் கூட்டு ரோட்டில் நிற்கவில்லை என்றால் கம்பெனி பஸ் போய்விடும். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில், கண்ணாடிப் பலகைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அவளுக்கு. ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பலகை. "ஏஞ்சலின் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் வெளிய போவாது" என்று சூப்பர்வைசர் மற்றவர்களிடம் சொல்வார்.

செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"நைனா, கண்ணத் தொற."

"லைட்ட ஆஃப் பண்ணு. கூசுது."

"தொறன்னு சொல்றேன்ல."

வரதன் திறந்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். ஏஞ்சலின் மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

"அம்மா, எத்தினி நாளா இப்பிடி?"

விக்டோரியா சமையலறையிலிருந்து ஒரு டம்ளரோடு வந்தாள். டம்ளரில் பச்சையாக ஏதோ கரைசல். "முந்தாநேத்துலேர்ந்து. கீழாநெல்லி அரச்சுக் குட்த்துக்கினு கீறேன். மூணு நாள்ல எறங்கிடும்னு பின்னாடி ஊட்டு குணசுந்தரி சொல்லிச்சு."

"முந்தாநேத்துலேர்ந்தா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஓவர்டைம்ல இருந்த. நைனாதான் உங்கிட்ட சொல்ல வேணாம்னுச்சு."

ஏஞ்சலின் செருப்பைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பேசினால் பஸ் மட்டுமில்லை, நிதானமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் எந்தச் செய்தியும் கடைசியாகத்தான் அவளுக்கு வரும். ஆனால் ஓடுவதற்கு மட்டும் அவள்தான் முதல் ஆள்.

இதே மஞ்சள், இதே நடுக்கம் ஏப்ரல் மாதமும் வந்தது. பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவி, பித்தம் குடலுக்குப் போகிற குழாயில் வந்து அடைத்துக்கொண்டது. சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமரா விட்டு, அடைப்பைத் தாண்டி ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைச் செருகி வைத்தார்கள். பித்தம் வடிய அதுதான் வழி. ஸ்டென்ட் என்றார்கள். ஆறு வாரம் கழித்து வந்தால் ஸ்டென்ட்டையும் கல்லையும் எடுத்துவிட்டு, அப்புறம் பித்தப்பையை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஜூன் மாதம் வரதன் தனியாகப் போனார். கூட வருகிறேன் என்ற மனைவியையும் மகளையும் பிடிவாதமாக வேண்டாம் என்றார். சாயங்காலம் திரும்பி வந்து, "எடுத்தாச்சு. கல்லும் வந்துடுச்சு. ஆபரேஷனே தேவ இல்லன்னுட்டாங்க" என்றார். விக்டோரியா அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தாள்.

"எடுத்தப்புறமும் ஏன் மஞ்சளா வருது?" என்று ஏஞ்சலின் கேட்டாள்.

"எனக்கின்னா தெரியும். ஞாயித்துக்கெயம மீனு சாப்ட்டது ஒத்துக்கல."

"மீனு சாப்ட்டா கண்ணு மஞ்சளாவுமா?"

"எட்டு மணிக்கு ஜல்லி லோடு வரும். கலியன் ஒருத்தனா நின்னா சமாளிக்க மாட்டான்" என்று வரதன் எழுந்தார். சட்டையை எடுத்து மாட்டினார். இரண்டாவது பட்டனை முதல் ஓட்டையில் போட்டார். அதைக் கழற்றி மறுபடி தப்பாகவே போட்டார். பிறகு கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏஞ்சலின் 108-க்கு போன் செய்தாள். அடுத்து சூப்பர்வைசருக்கு. அவர், "போன மாசமும் இப்பிடித்தான் ரெண்டு நாளு லீவு போட்டம்மா" என்று ஆரம்பித்தார். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த டாக்டர் இரண்டாவது தடவையும் பார்த்தார். தொண்ணூறுக்குக் கீழே. ஒரு ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, "எங்க ஸ்டென்ட் வெச்சாங்களோ அங்கயே கொண்டு போங்க. லேட் பண்ணாதீங்க" என்று அதே ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்.

காரனோடை டோல்கேட்டுக்கு முன்னால் கண்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றன. சைரன் அடித்தும் ஒதுங்க இடமில்லை. விக்டோரியா கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலி வண்டி எடயக் கழிச்சியா?" என்றார் வரதன் திடீரென்று.

"இன்னா நைனா?"

"பன்னெண்டு டன்னு. காலி வண்டி எடயக் கழிக்காம சீட்டு குட்க்காத. அப்புறம் ஓனரு என்னத்தான் கேப்பாரு."

அவர் மகளைத்தான் பார்த்தார். ஆனால் அங்கே அவர் கண்ணுக்குத் தெரிந்தது எடைமேடையில் கூட நிற்கிற கலியனோ, ஜல்லி லாரி டிரைவரோ. ஏஞ்சலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை நெருப்பாகச் சுட்டது. காலையிலிருந்து இருந்த கோபம் அந்த நிமிஷம் எங்கேயோ போய், வெறும் பயம் மட்டும் மிஞ்சியது.

"கழிச்சிட்டேன் நைனா" என்றாள்.

கோபம் திரும்பி வர ரொம்ப நேரம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்து, டாக்டர் காயத்ரி அவளைக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசினார்.

"ஸ்டென்ட் எடுத்தாச்சுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா டாக்டர். ஜூன் மாசம் இங்கதான் எடுத்தாங்க."

"உள்ளயே இருக்கேம்மா." திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறக் குழப்பத்தில் ஒரு வெள்ளைக் கோடு. "சுத்திக் கல்லு படிஞ்சிருக்கு. பிளாஸ்டிக் குழாய், மூணு மாசம் போனாலே அடைக்க ஆரம்பிச்சிடும். இது ஏப்ரல்ல வெச்சது. இப்ப நவம்பர்."

"இல்ல டாக்டர், அவரே வந்து..."

டாக்டர் கம்ப்யூட்டரில் தேடினார். "ஜூன் பதினெட்டு. வந்திருக்காரு. டோக்கன் போட்டிருக்கு. சம்மதப் படிவத்துல கூட வந்த அட்டெண்டர் கையெழுத்தும் இருக்கு. உள்ள கூப்பிட்டப்போ ஆளக் காணோம். அன்னைக்கு ரெண்டு தடவ, மறுநாள் ரெண்டு தடவ போன் பண்ணியிருக்காங்க. எடுக்கல."

"அட்டெண்டரா? அவரு தனியாத்தான வந்தாரு?"

டாக்டர் திரையைப் படித்தார். "சாம்சன். மகன்."

ஏஞ்சலினுக்கு அந்தப் பெயரைக் காதில் கேட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சாம்சன் அவள் அண்ணன். அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது வரதன்தான். அவர் கேட் செக்யூரிட்டியாக இருந்த அதே தொழிற்சாலையில். வேலையை நிரந்தரம் ஆக்கச் சொல்லித் தொண்ணூறு பேர் கேட்டின் முன்னால் உட்கார்ந்தபோது முன்வரிசையில் சாம்சன் இருந்தான். கேட்டைச் சாத்த வேண்டியவர் வரதன். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் வேலை போனது. "இனிமே இந்த ஊட்டுப் படி ஏறாத" என்றார் அப்பா. "ஏற மாட்டேன்" என்றான் மகன். அவனோடு யாரும் பேசக் கூடாது என்று வரதன் உத்தரவு போட்டார். அவன் பூனாவில் இருப்பதாகத்தான் தெருவுக்கும் வீட்டுக்கும் சொல்லப்பட்டிருந்தது.

"சீழ் பிடிச்சு ரத்தத்துல கலக்குது" என்றார் டாக்டர். "அதான் குளிர், அதான் பிரஷர் எறங்குது, அதான் சம்பந்தமில்லாம பேசறாரு. மருந்து மட்டும் போதாது. இப்பவே கேமரா விட்டு அடைச்ச குழாய எடுத்து சீழ வடிய விடணும். அது முடியலன்னா வயித்தத் தொறக்க வேண்டி வரும். கையெழுத்துப் போடறீங்களா?"

"ரிஸ்க்கா டாக்டர்?"

"பண்றதுல கொஞ்சம் ரிஸ்க் இருக்கு. பண்ணாம விட்டா நெறைய."

அவள் போட்டாள். ஜூன் மாதம் அண்ணன் கையெழுத்துப் போட்ட அதே மாதிரிப் படிவத்தில், அதே இடத்தில்.

டிரிப்ஸ் ஏறியதில் வரதனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட இன்னும் பத்து நிமிஷம் என்றார்கள்.

ஏஞ்சலின் அவர் காதருகில் குனிந்தாள். "நைனா, ஜூன்ல சாம்சன் அண்ணன் வந்துச்சா?"

வரதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர்ல கீது நைனா."

"அட்டெண்டரு கேட்டாங்க. கூப்ட்டேன்."

"எங்களக் கூட்டியாரக் கூடாதுன்னு சொல்லிட்டு அவன கூப்ட்டியா?"

"நீங்க லீவு போடணும்."

"சரி. வந்தவன் கையெழுத்தும் போட்டான். நீ ஏன் உள்ள போவல?"

"பேச்சு முத்திடுச்சு. எயுந்து வந்துட்டேன்."

"இன்னா பேச்சு?"

வரதன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வவுத்துல குழாய வெச்சுக்கினு ஜூன்லேர்ந்து அஞ்சு மாசம் சும்மா சுத்திக்கினு இருந்த. எங்ககிட்ட எடுத்தாச்சுன்னு சொன்ன. அம்மா பாயசம் வேற வெச்சுது. அப்பிடி இன்னா பேச்சு நைனா?"

"அவன ஒன்னும் கேக்காத" என்றார் சுவரைப் பார்த்து. "அதுக்கப்புறம் வலி இல்ல. அதான் போவல."

நர்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்.

வராந்தா பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். மேலே மின்விசிறி ஒன்று சுற்றுகிற மாதிரி போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஏஞ்சலின் டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் விக்டோரியாவிடம் சொன்னாள். சாம்சன் பெயர் வந்த இடத்தில் விக்டோரியா ஆச்சரியப்படவில்லை. புடவை முந்தானையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

ஏஞ்சலின் அதைக் கவனித்தாள். "உனக்குத் தெரியுமா?"

"வந்தது தெரியும். கையெழுத்துப் போட்டான், அப்புறம் எடுத்துட்டாங்கன்னுதான் எங்கிட்ட சொன்னான். குழாய் உள்ளயே கீறது எனக்குத் தெரியாது கண்ணு. சத்தியமா."

"உங்கிட்ட சொன்னானா? எப்பிடி?"

விக்டோரியா பையிலிருந்து தன் போனை எடுத்து, ஒரு பெயரைக் காட்டி மகள் கையில் கொடுத்தாள்.

திரையில் 'கேஸ் ஏஜென்சி' என்று இருந்தது.

ஏஞ்சலினுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஞாபகம் வந்தது. ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள். "யாரும்மா?" என்றால், "கேஸ் ஏஜென்சி" என்பாள். சிலிண்டர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஏஜென்சிக்காரன் வாராவாரம் இருபது நிமிஷம் எதற்குப் பேசுகிறான் என்று எண்ணூறு பலகையில் கீறல் பார்க்கிற ஏஞ்சலின் ஒரு நாளும் கேட்டதில்லை.

"பூனாவுக்கு வாராவாரம் பேசுவியா?"

"பூனாவுல இல்ல. தடாவுல கீறான். கண்டெய்னர் யார்டுல."

"தடாவுலயா?" தடா, புதுவாயலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். "நீயும் பேசிக்கினு இருந்த. அவரும் கூப்ட்டுக்கினாரு. நைனா பேசக் கூடாதுன்னு சொன்னாருன்னு நான் அவன் பர்த்டேக்குக்கூட ஒரு மெசேஜ் போடல. ரெண்டு வருசம். இந்த ஊட்ல நான் ஒருத்திதான் நெஜமா சண்ட போட்டுக்கினு இருந்தேனா?"

விக்டோரியா மகளின் முழங்கையைத் தொட்டாள். "நீ சின்ன வயசுலேர்ந்தே சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு" என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். ஏஞ்சலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா" என்றது அண்ணன் குரல்.

"அம்மா இல்ல."

எதிர்ப்பக்கம் கிரேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஏஞ்சு?"

"நைனாவ உள்ள கொண்டுபோய்க்கீறாங்க. குழாய எடுக்க."

"எந்தக் குழாய? அத்ததான் அன்னிக்கே எடுத்துட்டாங்களே."

"உங்கிட்டயும் அதத்தான் சொன்னாரா?"

அவன் நடக்கிறான் போல, கிரேன் சத்தம் தள்ளிப் போனது.  "வரேன்" என்றான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்டர் காயத்ரி வெளியே வந்தபோது விக்டோரியா எழுந்து நின்றாள். 

"பழைய குழாய எடுத்தாச்சு. தார் மாதிரி அடைச்சிருந்துது. எடுத்ததும் சீழ் கொட்டுச்சு. புதுசு ஒன்னு வெச்சிருக்கோம், வடியட்டும். பிரஷர் ஏறுது. நாளைக்கு ஜுரம் எறங்கிடும்னு நெனைக்கிறேன்."

"கல்லு டாக்டர்?"

"வரல. நெல்லிக்காய் அளவு வளந்துடுச்சு. அஞ்சு மாசம் டைம் குடுத்துட்டாரு இல்ல." டாக்டரின் குரலிலும் சலிப்பு இருந்தது. "ஜூன்லயே எடுத்திருந்தா கேமராவுலயே முடிஞ்சிருக்கும். இப்ப வயித்தத் தொறந்து, பித்தக் குழாயத் தொறந்து கல்லெடுத்து, பித்தப்பையையும் எடுக்கணும். கிருமி அடங்கணும், ஒடம்பு தேறணும். பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். அது வரைக்கும் வார்டுலயே இருக்கட்டும். வீட்டுக்கு அனுப்பினா திரும்பி வருவாருன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

"எங்களுக்கும் இல்ல டாக்டர்" என்றாள் ஏஞ்சலின்.

ஆண்கள் வார்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண்கள் இருக்கக் கூடாது, ஆண் அட்டெண்டர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று நர்ஸ் சுகிர்தா சொல்லிவிட்டுப் போனார். ஏஞ்சலின் சிரித்துவிட்டாள். சிரிப்பு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

நாலரை மணிக்குச் சாம்சன் வந்தான். கண்டெய்னர் யார்டு சட்டையோடு, முதுகில் ஒரு பையோடு. முன்பு பார்த்ததைவிட இளைத்திருந்தான். கன்னத்து எலும்பு தெரிந்தது. விக்டோரியா அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு கேட்டுக்கு வெளியே போய்ப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தாள்.

"வேணாம்மா. பசிக்கல."

"காலையில இன்னா நாஷ்டா துன்ன? மூஞ்சப் பாரு. துன்னு."

அவன் அம்மாவுக்காக இரண்டு பரோட்டா சாப்பிட்டான்.

வார்டில் வரதன் விழித்திருந்தார். மகன் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் நின்ற டிரிப்ஸ் ஸ்டாண்டைத்தான் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"எடுத்துட்டாங்கன்னு போன்ல சொன்ன" என்றான் சாம்சன்.

"நீ எடுத்தியா?" என்றார் வரதன்.

"பேச்ச மாத்தாத நைனா."

"எடுத்தியான்னு கேக்கறேன்."

"எத்த எடுத்தானான்னு கேக்கற?" என்று ஏஞ்சலின் குறுக்கே வந்தாள்.

இரண்டு வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. அந்த விஷயத்தில் மட்டும் அப்பனும் மகனும் ஒற்றுமை.

அவள் அண்ணன் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மாவை அப்பாவுக்குத் துணையாக உட்காரச் சொன்னாள். "இன்னா மேட்டரு, சொல்லு. அம்மா இங்க இல்ல. நான் இன்னிக்குக் காலையிலேர்ந்து கேட்டதுல இது ஒன்னுதான் பாக்கி."

சாம்சன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கு வெயிட்டிங்ல ஒக்காந்துக்கினு இருந்தோம். காலையில ரெண்டு வடை துன்னுட்டு வந்தேன். வலி வந்துச்சு."

"யாருக்கு?"

"எனக்கு." வலது விலா எலும்புக்குக் கீழே கையை வைத்தான். "இங்க. முதுகு வரிக்கும் புடிச்சுக்கும். கொஞ்ச நாளா எண்ண சாமான் துன்னா வந்துக்கினுதான் இருந்துச்சு. நைனா பாத்துட்டாரு. எனக்கு வந்த மாதிரியே கீதுடா, இப்பவே போய் சீட்டு போட்டு ஸ்கேன் எடுன்னாரு. நான் முடியாதுன்னேன்."

"ஏன்?"

"காண்ட்ராக்ட்டு. சீக்குன்னு தெரிஞ்சா மறுநாளே வேற ஆள நிறுத்திடுவான். ஒரு வேல போய் மறு வேல கெடைக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு ஏஞ்சு. அவரு கேக்கல. நீ ஸ்கேன் எடுக்கற வரிக்கும் நான் உள்ள போவ மாட்டேன்னு ஒக்காந்துட்டாரு. போவாட்டி போ, உன் வவுறு உன் இஷ்டம்னு சொல்லிட்டு நான் கெளம்பிட்டேன். நான் போய்ட்டா உள்ள போயிடுவாருன்னு நெனச்சேன்."

"அவரு ட்ரெயின் ஏறி ஊட்டுக்கு வந்துட்டாரு."

"மறுநாள் போன் பண்ணாரு. எனக்கு எடுத்தாச்சு, நீ எடுத்தியான்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

சாம்சன் தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்தேன், ஒன்னும் இல்லன்னுட்டாங்கன்னேன். அம்மாகிட்ட சொல்லாத நைனான்னேன். அவரு சொல்லல."

ஏஞ்சலின் சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேர். ஒரே நாள். ஒரே பொய். மகனை ஸ்கேன் எடுக்க வைக்க வேண்டும் என்று தன் குழாயை எடுக்காமல் விட்டவர் ஒருவர். அவரை உள்ளே போக வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டுப் போனவன் ஒருவன். ஐந்து மாதம் இரண்டு பேரும் இரண்டு ஊரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நலமாக இருந்திருக்கிறார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஓபி தொறக்கும். டோக்கன் நான் போடறேன்" என்றாள் கடைசியில்.

"நாளைக்கு ஷிப்டு..."

"அண்ணா."

அவன் ஜன்னல் கம்பியை விட்டான்.

அவள் வார்டுக்குள் வந்தாள். வரதன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"எடுக்கல இல்ல?"

"எடுக்கல."

"எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்தவன் எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா சொல்லணும் இல்ல. முழிச்சான்."

"தெரிஞ்சும் எங்ககிட்ட சொல்லாம இருந்தியே நைனா."

"சொல்லாதன்னு கேட்டுக்கினான்." வரதனின் குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு வருசம் கயிச்சு அவன் எங்கிட்ட கேட்டது அது ஒன்னுதான்."

விக்டோரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எத்த சொல்லாதன்னான்? யாருக்கு இன்னா?" என்றாள். ஏஞ்சலின் சொல்லிவிட்டாள். அங்கேயே, அப்போதே, ஒன்றையும் மறைக்காமல். இனி இந்தக் குடும்பத்தில் யாருடைய ரகசியத்தையும் தூக்கிச் சுமப்பதாக அவளுக்கு உத்தேசம் இல்லை. விக்டோரியா அழவில்லை. மகன் சாப்பிட்டு வைத்த பரோட்டா பொட்டலத்தின் எண்ணெய் ஊறிய காகிதத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்கு நர்ஸ் சுகிர்தா வந்து, "லேடீஸ் எல்லாம் கெளம்புங்க" என்றார்.

ஏஞ்சலின் அண்ணனைக் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார வைத்தாள். "இவரு டிரிப்ஸப் புடுங்கிப் போட்டுட்டு எடைமேடைக்குக் கெளம்பாம நீ பாத்துக்கோ" என்றாள் அவனிடம். "இவன் தடாவுக்கு ஓடாம நீ பாத்துக்கோ" என்றாள் அப்பாவிடம். "ரெண்டு பேரும் பேசிக்கினாலும் சரி, சண்ட போட்டாலும் சரி. இந்த எடத்த உட்டு எயுந்துக்காதீங்க."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நம்புவதற்கில்லை.

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு அவள் வார்டு வாசல் வரை வந்திருப்பாள். ரயிலுக்கு நேரம் ஆகிவிட்டது, நாளைக்கு மறுபடி லீவு சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். பின்னால் ஸ்டூல் உருண்ட சத்தம் கேட்டது. போச்சு, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

திரும்பிப் பார்த்தாள்.

சாம்சன் கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டாக மடங்கி நின்றான். இன்னொரு கை வலது விலாவை அழுத்தியிருந்தது. நெற்றியில் வியர்வை சொட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான், சத்தம் வெளியே வந்துவிடக் கூடாது என்று.

மத்தியானத்திலிருந்து தலையணையை விட்டுத் தலையைத் தூக்க முடியாமல் கிடந்த வரதன் முழங்கையை ஊன்றி எழுந்தார். டிரிப்ஸ் ஏறுகிற கையாலேயே மகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். இந்த முறை வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சுகிர்தா ஓடி வந்து அவர் கையைத்தான் பிடித்தார். "ஏன் எழுந்தீங்க? படுங்க. எங்க வலிக்குது உங்களுக்கு?"

"எனக்கில்லம்மா" என்றார் வரதன், சட்டையை விடாமல். "இவனுக்கு. இவனப் பாருங்க மொதல்ல."